கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோன வளைகத்தி

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, துணியில் சுற்றிவைத்திருந்த வளைகத்தியை வெளியே எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். மரத்தில் கிண்ணம் கடைகிற கத்தி என்று என் துருப்பிடித்த சிங்களத்தில் சொன்னேன். "கனடாவிலிருந்து கிண்ணம் கடையவா வந்தீர்கள்?" என்று சிரித்துவிட்டுப் பெட்டியை மூடினார். வாசலிலேயே சிரித்து அனுப்புகிறார்கள், இனி என்ன கரைச்சல் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கிண்ணம் கடையத்தான் வந்தேன். என் பெரியம்மாவின் மகள் ஸ்ரெல்லா அக்கா கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். அவளுடைய புருஷன் ஜெரோம் அத்தான் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் லேத் வைத்து, கட்டில் காலும் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பும் கடைகிறவர். அவர்களுடைய மூன்று பெண்களும் மூன்று நாட்டில் இருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு பலா மரம் நின்றது. நான் புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அக்கா ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, மரத்தை வெட்டிப்போட்டாங்கள்."

"ஆரிட்டக் கேட்டு?"

"ஆரிட்டக் கேக்கிறது? காலமை வந்தாங்கள், வெட்டினாங்கள்."

யுத்தக் காலம், தெருமுனையில் புதிதாக ஒரு காவலரண் வைத்திருக்கிறார்கள். அதில் நிற்கிற சிப்பாய்க்குத் துறைமுகப் பக்கம் போகிற வீதி தெரியவில்லையாம், பலா மறைக்கிறதாம். இந்த நாட்டில் சொந்த முற்றத்துப் பலாவைத் தறிக்கவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் சீருடை போட்டவன் மரமறுக்கிற வாளைத் தூக்கினால் சட்டம் லீவு எடுத்துக்கொள்ளும். தறித்ததோடு விட்டார்களா? அடிமரத்தைத் துண்டு போட்டு, அரணுக்கு முட்டுக்கொடுக்க அள்ளிக்கொண்டும் போய்விட்டார்கள். நல்லதாக ஒரேயொரு குற்றிதான் மிச்சம்.

"அதில நாலு கிண்ணம் எடுக்கேலுமோ? பெரிசு எனக்கு, மற்றது பிள்ளையள் மூண்டு பேருக்கும். அத்தான் ஒண்டுதான் வருமெண்டு சொல்லுறார்" என்றாள் அக்கா.

அத்தான் சொன்னது சரி. வழக்கமான முறையில் கடைந்தால் நடுவில் இருக்கிற மரம் முழுக்கச் சீவலாகப் போகும். ஒரு கிண்ணமும் ஒரு சாக்குச் சீவலும் மிஞ்சும். ஆனால் என்னிடம் கோரிங் செட் இருந்தது. அதன் கத்தி பிறைபோல வளைந்தது. லேத்தின் மேல் பூட்டிய ஒரு பலகையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு துளையில் முளையைக் குத்தினால், கத்தி அந்த முளையைச் சுற்றித் திரும்பிக்கொண்டே மரத்துக்குள் போய், உள்ளே இருப்பதை முழுசாகக் கழற்றித் தரும். கழன்று வருவதே இன்னொரு கிண்ணம். அடுக்குச் சட்டிபோல ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே குற்றியில் நாலு எடுக்கலாம். ஒரு நிபந்தனைதான். மரம் பச்சையாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் விறகு.

"குத்தியைக் காய விடாதேங்கோ, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொட்டாஞ்சேனை வீடு ஓரறை வீடு, படுக்க இடமில்லாததால் வெள்ளவத்தையில் ஒரு நண்பனின் ஃபிளாட்டில் தங்கினேன். அவன் இலண்டனில், கதவுத் திறப்பு காவலாளியிடம். பெட்டியை வைத்துவிட்டு ஒரு குளிப்புக் குளிக்கலாம் என்றால், முதலில் பொலிசில் பதிய வேண்டும் என்று காவலாளி நிற்கிறான். நான் பிறந்த ஊரில் நான் படுத்துத் தூங்குவதைப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டுமாம். ரொறன்ரோவில் நான் செத்துக் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது. அதைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அன்று அது சொர்க்கமாகத் தெரிந்தது.

வந்த காரணம் என்ன என்று பொலிசில் கேட்டார்கள். "பலா மரம்" என்றேன். பதிகிறவன் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, 'உறவினரைப் பார்க்க' என்று எழுதிக்கொண்டான்.

பசி வேறு. காலி வீதியில் ஒரு சைவக் கடையில் ஏறி இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். சம்பல் அப்படி ஒரு சம்பல். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இவ்வளவு நல்ல சம்பல் அரைக்கிற ஊரில் மனுசரை இப்படி அரைக்கிறார்களே என்று அதற்கும் கோபம் வந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் அடங்கிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பொடியனை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக் கடத்திய கதை. நான் திரும்பிப் பார்த்ததும் உடனே கிரிக்கெட்டுக்கு மாறினார்கள்.

மறுநாள் காலை ஒரு ஓட்டோ பிடித்தேன். ஓட்டுநர் நிசாம், கிராண்ட்பாஸ்காரர், என் வயதுதான் இருக்கும். கோட்டைக்குக் கிட்ட ஒரு சோதனைச் சாவடி. என்னுடைய பையைத் திறந்த சிப்பாய் கத்தியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான். இரும்பில் ஒரு பிறை, அதற்கு ஒரு நீளப் பிடி, துளை துளையாகப் பலகை, முளை, மரை. எனக்கே அந்த நேரம் அது பயங்கரமாகத்தான் தெரிந்தது.

"சேர், ஒண்டும் கதைக்காம இரிங்க. நான் சொல்றன்" என்றார் நிசாம்.

நான் கதைத்தேன். கிண்ணம் கடைகிற சாமான், விமான நிலையத்திலேயே பார்த்து அனுப்பிவிட்டார்கள், உங்களுக்கு என்ன மூளை இல்லையா என்று கதைத்தேன். கடைசியில் சொன்னதைத் தமிழில்தான் சொன்னேன், ஆனால் சில சொற்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எங்கள் இரண்டு பேரையும் இறக்கி, ஓட்டோவை ஓரம் கட்டி, பொலிசுக்குக் கொண்டுபோனார்கள்.

வாங்குப் பலகையில் இருத்திவைத்துவிட்டு இரண்டு கான்ஸ்டபிள்கள் என் கத்தியைப் பற்றிச் சிங்களத்தில் ஆராய்ச்சி செய்தார்கள். ஒருவன் அது யானைத் தந்தம் அறுக்கிற கத்தி என்றான். மற்றவன், இல்லை, குண்டு செய்கிறவர்கள் தகரம் வளைக்கிற சாமான் என்றான். முதலாமவன், அப்படியானால் ஏன் இவ்வளவு பளபளப்பு என்று கேட்டான். நான் வாரம்தோறும் எண்ணெய் பூசி வைத்த பளபளப்பு அது. பக்கத்தில் ஒரு தாய் தன் மகனுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவளை யாரும் கூப்பிடவே இல்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கத்திக்காகச் சத்தம் போட எனக்கு வாய் வரவில்லை.

பின்நேரம் என்னை விட்டார்கள். கத்தியை விடவில்லை. நிலையப் பொறுப்பதிகாரியான பெரிய ஐயா வந்து பார்க்க வேண்டுமாம். வெளியில் நிசாம் தன் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றார். இருக்கை உறை முழுக்கக் கிழித்துப் பார்த்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்கட பாஸ்போட் உங்களக் காப்பாத்தும் சேர். என்ட ஓட்டோவ ஆரு காப்பாத்துற? நாளைக்கும் நான் இதே ரோட்டாலதான் வரோணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனை வரைக்கும் அந்தக் கிழிந்த உறையில் இருந்துகொண்டு போனேன்.

முற்றத்தில் பலா நின்ற இடத்தில் வெட்டை. அடிக்கட்டையில் இன்னும் பால் கசிந்து ஈ மொய்த்தது. அதற்கு நேரே காவலரண், அதற்குள்ளிருந்து சிப்பாய் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். அக்காவும் அத்தானும் என்னைக் கட்டிப்பிடித்த பிறகு, அக்கா என்னைக் குற்றியிடம் கூட்டிக்கொண்டுபோனாள். அத்தான் அதை ஈரச் சாக்கால் மூடி, மேலே மரத்தூளைக் குவித்து வைத்திருந்தார். குழாயில் தண்ணீர் வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதில் ஒரு வாளி குற்றிக்குப் போனது.

"வெட்டின மரத்துக்குத் தண்ணி ஊத்திற குடும்பம் எண்டு சனம் பகிடி பண்ணுது" என்றார் அத்தான்.

ஆனால் பகிடி பண்ணிய அதே சனம்தான் மெழுகு கொண்டுவந்து கொடுத்திருந்தது. குற்றியின் இரண்டு வெட்டுமுகத்தையும் மெழுகால் அடைத்தால் ஈரம் வெளியே போகாது. நான் ரொறன்ரோவில் அதற்கென்று விற்கிற மெழுகை வாங்கிப் பூசுவேன். இங்கே தெருப் பெண்கள் கோயிலில் எரிந்து முடிந்த மெழுகுவர்த்திக் கட்டைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் யாருக்காகவோ நேர்ந்து கொளுத்தியது. அத்தான் அதைத் தாச்சியில் உருக்கிப் பூசியிருந்தார். சாக்கை விலக்கிப் பார்த்தேன். மெழுகுக்குக் கீழே, விளிம்பில், தலைமயிர் அளவில் ஒரு வெடிப்புத் தொடங்கியிருந்தது.

"கத்தி எங்க?" என்றாள் அக்கா.

சொன்னேன். அவள் தேத்தண்ணி போட உள்ளே போனாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். காலையில் பொலிசுக்குப் போவேன். பெரிய ஐயா வரவில்லை என்பார்கள். அடுத்த நாள் வந்துவிட்டுப் போய்விட்டார் என்பார்கள். அதற்கடுத்த நாள் கூட்டத்தில் இருக்கிறார் என்பார்கள். கூட்டம் நடக்கிற அறையிலிருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்கும். ஒருநாள் பஸ்ஸில் போனேன். வழியில் எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, தமிழ்ப் பெயர்க்காரரை மட்டும் ஒரு பக்கமாக நிற்கவைத்தார்கள். மற்றவர்கள் ஏறினார்கள், பஸ் போய்விட்டது. நாங்கள் வெயிலில் நின்றோம். என் பக்கத்தில் நின்ற கிளார்க் ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, "இண்டைக்குக் கெதியா விட்டுட்டாங்கள்" என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு அழுகை வரப்பார்த்தது. பின்நேரம் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சாக்கை விலக்குவேன். வெடிப்பு விரல் நீளம். பிறகு விரலைவிட நீளம். அத்தான் குற்றியின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து வெடிப்பை ஒதுக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு அறுப்புக்கும் அக்காவின் கிண்ணங்கள் சிறுத்துக்கொண்டே போயின.

கடைசியில் பெரிய ஐயாவைக் கண்டேன். நன்றாக உடுத்திய மனுசன், மேசையில் என் கத்தியைக் கடதாசிப் பாரமாக வைத்திருந்தார். நான் ஒரு குற்றியில் நாலு கிண்ணம் என்று விளக்கினேன். நம்பாமல் சிரித்தார்.

"கிண்ணம் செய்கிற கத்தி என்றால் என் கண்முன்னால் செய்து காட்டு. செய்தால் கத்தி உனக்கு. செய்யாவிட்டால் நீ எனக்கு" என்றார்.

மறுநாள் காலை பெரிய ஐயாவும் அதே இரண்டு கான்ஸ்டபிள்களும் என் கத்தியும் ஏறிய ஜீப் கொட்டாஞ்சேனைத் தெருவுக்குள் நுழைந்தது. ஜீப்பைக் கண்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. எதிர்வீட்டு மனுசி தன் பெரிய மகனைக் கொடியில் காய்ந்த சேலைக்குப் பின்னால் தள்ளியதை நான் கண்ணால் கண்டேன். நான் ஒரு கத்திக்காக இந்தத் தெருவுக்குள் பொலிசைக் கூட்டிவந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா பெரிய ஐயாவுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணியும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பீங்கானில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினிக்குள் போய், "மரத்தை வெட்டின கூட்டத்துக்குக் கேக்கோ?" என்று கேட்டேன்.

"மெள்ளக் கதை. நீ பிளேன் ஏறிடுவாய். நான் இந்தத் தெருவிலதான் இருக்கோணும்" என்றாள்.

நிசாம் சொன்னதும் இதைத்தான். வாயை மூடிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

மாவரைக்கிற மில்லிலிருந்து கழற்றிய மோட்டர் ஒன்றை அத்தான் தன் லேத்துக்குப் பூட்டியிருந்தார். குற்றியின் அடியில் வட்டமாகக் குடைந்து, அந்தக் குடைவுக்குள் லேத்தின் பற்களை விரித்து இறுக்கினோம். வெளிப்புறத்தைக் கடைந்து உருட்டினேன். ஈர மரம், மஞ்சள் சீவல் முகத்தில் அடித்தது. பலாப் பால் கத்தியில் ஒட்டாமல் இருக்க அத்தான் தேங்காயெண்ணெய் பூசிக்கொடுத்தார், பலாப்பழம் வெட்டுகிறபோது கையில் பூசுகிற மாதிரி. பிறகு பலகையைப் பூட்டி முளையைக் குத்தி வளைகத்தியை விட்டேன். நடுவிலிருந்து தொடங்கவேண்டும், சிறியதுதான் முதலில் வரும். கத்தி வளைந்து வளைந்து உள்ளே போய் மறைந்தது. ஒரு முறிகிற சத்தம். நிறுத்திக் கையால் இழுத்தேன். இரண்டு கையிலும் அடங்குகிற ஒரு மஞ்சள் கிண்ணம் கழன்று வந்தது.

கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் கைதட்டினார்கள். தந்தம் அறுக்கிற கத்தி என்று சொன்னவனும் அதில் ஒருவன். இரண்டாவது வந்தபோது பெரிய ஐயாவே எழுந்து கிட்ட வந்தார். கழன்று வந்த இரண்டையும் அக்கா வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தாள். "இது பாரிசுக்கு, இது மெல்பேணுக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மிச்சம் ஒரே ஒரு வெட்டு. மூன்றாவதைக் கழற்றினால், லேத்தில் நிற்பது நாலாவது, பெரியது, அவளுடையது.

அந்த நேரம் பெரிய ஐயா, "இது பலா மரம் அல்லவா?" என்றார்.

"ஓம்" என்றார் அத்தான்.

"பலா வெட்டப் பர்மிட் எங்கே?"

அத்தான் எண்ணெய்ச் சிரட்டையைக் கீழே வைத்தார். ஒருதரம் காவலரணைப் பார்த்தார், ஒருதரம் என்னைப் பார்த்தார். உங்கள் ஆட்கள் வெட்டிய மரம் ஐயா என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அது எனக்குத் தெரியாது. வெட்டினதற்குப் பத்திரம் இல்லை, மரம் உன் வீட்டில் இருக்கிறது" என்றார் பெரிய ஐயா. பிறகு சிரித்தார். "பரவாயில்லை. அந்தப் பெரிய கிண்ணத்தை எனக்குத் தந்துவிடு. மனைவி பழம் வைக்க நல்லது. பர்மிட்டை நான் மறந்துவிடுகிறேன்."

மரத்தை வெட்டினார்கள். அடிமரத்தை அள்ளினார்கள். அதற்குப் பத்திரமும் கேட்கிறார்கள். அதற்குமேல் மிஞ்சிய ஒன்றையும் கொண்டுபோய் அதில் வாழைப்பழம் அடுக்கப்போகிறார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தந்துவிடு என்பதுதான் அதற்கு அர்த்தம்.

நான் முளையைப் பிடுங்கி, குத்தவேண்டிய துளையை விட்டு ஒரு துளை தள்ளிக் குத்தினேன். கத்தி அளவுக்கு மிஞ்சி ஆழப் போகும் துளை அது. கோரிங் பழகுகிற எவனும் முதல் வாரத்தில் ஒருதரம் விடுகிற பிழை. இத்தனை வருசத்தில் நான் அதை வேண்டுமென்று செய்தது அன்றைக்குத்தான். அத்தான் கண்டார். எண்ணெய்ச் சிரட்டையை எடுத்து இன்னொரு தரம் கத்தியில் பூசினார்.

கத்தி போனது. மூன்றாவது கிண்ணம் கழன்று வந்தது, அடியில் கொஞ்சம் கூடுதல் தடிப்போடு. பெரியதைக் கழற்றிப் பெரிய ஐயாவின் கையில் கொடுத்தேன். அதன் அடியில், நட்டநடுவில், எலுமிச்சங்காய் அளவில் ஓட்டை.

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டைக்குள்ளால் அவருடைய ஒரு கண் எனக்குத் தெரிந்தது.

"என்ன இது?"

"பிழைத்துவிட்டது ஐயா. பச்சை மரம்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அக்காவின் மடிப்பக்கம் பார்த்தார். சாக்குக்குள் கிடந்தது சீவல் ஒட்டிய, சொரசொரப்பான, பால் வடிகிற இரண்டு சின்னச் சாமான். பெரிய மனிதருக்குப் பெரிய கிண்ணம்தானே வேண்டும். கையிலிருந்ததைச் சீவலுக்குள் போட்டார், கைக்குட்டையால் பலாப் பாலைத் துடைத்தார், அது போகாமல் இன்னும் பிசுபிசுத்தது. ஜீப்பில் வோக்கிடோக்கி கரகரத்தது. "இந்தக் கத்தியை இனிக் கொழும்புக்குக் கொண்டுவராதே" என்று சொல்லிவிட்டு ஏறினார். பீங்கானில் கேக்கும் மிச்சமில்லை.

ஜீப் திரும்பிய பிறகு கதவுகள் திறந்தன. எனக்குக் கோபம் இறங்கி, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவனைப் பழிவாங்க நான் உடைத்தது யாருடைய கிண்ணம்? இத்தனை நாள் குழாய்த் தண்ணீரை மிச்சம் பிடித்து ஊற்றியவளுடையது. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, கத்தியைத் துடைக்கிறமாதிரி நின்றேன்.

அக்கா எழும்பி வந்து, சீவலுக்குள் கிடந்த பெரிய கிண்ணத்தை எடுத்தாள். ஊதித் துடைத்தாள். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கி வைத்தாள். சரியாக அடங்கின. ஓட்டை மறைந்துபோனது.

"வேணுமெண்டுதானே செய்தனி?" என்றாள்.

"ஓம் அக்கா."

தெருமுனைக் காவலரணை ஒருதரம் பார்த்தாள். பிறகு நாலு கிண்ணத்தையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டாள்.

"நானெண்டா ஓட்டையை இன்னும் பெரிசாப் போட்டிருப்பன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.